வெள்ளைக்கு நடுவே ஒரு கருப்பு

வெள்ளைக்கு நடுவே ஒரு கருப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டையில் மை கொட்டிவிட்டதோ என்று தோன்றும். கிட்டே போனால் அது கொட்டாவி விடும்.

சட்டை சென்னியப்பனுடையது. கொட்டாவி நாய்க்குட்டியுடையது. ஐப்பசிக் காலை. இரவு பெய்த மழை ஓய்ந்து, மண்டபத்து வாசல் முழுக்கச் சாம்பல் வெளிச்சம்.

கலாமணி கேமராவை எடுத்தாள். கரூரில் ஒரு சின்ன ஸ்டூடியோ அவளுக்கு. பாஸ்போர்ட் முகங்களும் காதுகுத்து முகங்களும் பிழைப்புக்கு. நாய் முகங்கள் மாதம் ஒரு முறை, சும்மா.

சென்னியப்பன் பிராணி நேசர் மன்றத்தின் நிறுவனர், தலைவர், புரவலர். மூவரும் அவரே. தத்து முகாம் போஸ்டர் அவர் செலவு. ஆகவே எந்த நாய்க்குப் பின்னாலும் முகம் அவருடையது. அவர் இல்லாத படம் அச்சுக்குப் போகாது.

போன மாதப் போஸ்டரிலும் இதே குட்டிதான். அவர் பளிச்சென்று இருந்தார். குட்டி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பழுப்புக் குட்டிகள் வீடு போய்ச் சேர்ந்தன. புள்ளிக் குட்டியும் போனது. ஓட்டையை யார் தத்தெடுப்பார்கள்?

வளர்ந்த குட்டிக்கு மன்றத்தில் இடமில்லை. எங்கே பிடித்தார்களோ அங்கேயே கொண்டுபோய் விடுவார்கள். இதைப் பிடித்தது புறவழிச்சாலையில், லாரிகளுக்கு நடுவில். வரும் ஞாயிறுதான் இதற்குக் கடைசி முகாம்.

கலாமணிக்கு அது தெரியும். குட்டிக்குத் தெரியாது. அது தலைவரின் பொத்தானைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் ஷட்டர் வேகம். குட்டி நிற்காது, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வைத்தாள். வால் உறைந்தது. ஆனால் வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். லென்ஸை அகலத் திறந்தாள். போதவில்லை. வெளிச்சத்தை உணரும் அளவை, ஐஎஸ்ஓவை, ஏற்றினாள். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக வரும். வரட்டும்.

"ஃபிளாஷ் போடுங்கம்மணி. பளிச்சுனு வரட்டும்."

"குட்டி கண்ணு பச்சையா எரியுமுங்கய்யா. பேயாட்டம்."

"என்ற மூஞ்சி?"

"உங்க மூஞ்சிக்கு ஃபிளாஷே வேண்டாமுங்க."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தலைவரின் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டாள். குட்டியின் கண்ணில் வானம் விழுந்தது. ஒரு துளி வெள்ளை. கருப்பு முகத்தில் கருப்புக் கண் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. கேமராவுக்கும் தெரிந்தது. அந்தத் துளியில் ஃபோகஸை நிறுத்தினாள்.

ஒன்று எடுத்தாள். பார்த்தாள். ஓட்டை.

கேமராவுக்கு ஒரு குணம். வெள்ளையைக் கண்டால் மிரளும். கஞ்சி போட்டு, நீலம் போட்டு, முறைப்பாக நிற்கிற அந்தச் சட்டைக்கு மரியாதை செய்கிற அவசரத்தில், பக்கத்தில் இருப்பதையெல்லாம் இருட்டில் தள்ளிவிடும். மன்றத்துச் செயலாளர் நல்லசிவமும் ஏறக்குறைய அப்படித்தான்.

"கலர் சட்டை எதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

நல்லசிவம் காதைப் பொத்தாத குறை. "தலைவருங்களுக்கா? கலரா?"

ஆக, இரண்டில் ஒன்று. அவருக்கு வெளிச்ச அளவு வைத்தால் குட்டி இருட்டு. குட்டிக்கு அளவு வைத்தால் அவர் வெளிச்சம். இருவரையும் ஒரே படத்தில் காப்பாற்ற இந்தக் கேமராவால் ஆகாது.

கேமராவின் வெளிச்சச் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் திருப்பினாள்.

கேமராத் திரையில் சட்டையின் மடிப்பு போனது. தங்கச் சங்கிலி போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மீசை சற்று நின்று பார்த்தது. அதுவும் போனது.

அவை போகப் போகக் குட்டி வந்தது. காதின் மடிப்பு வந்தது. ஈர மூக்கு வந்தது. கருப்புக்குள் எங்கோ இருந்த பழுப்பு வந்தது. கண்.

"மூஞ்சி தெளிவா வருதுங்களா?"

"வருதுங்கய்யா. ரொம்பத் தெளிவா."

எந்த மூஞ்சி என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது.

"அம்மணி, போஸ்டர்ல நான் எங்கீங்க?"

"குட்டிக்குப் பின்னாலதானுங்க."

"பின்னால வெறும் வெளிச்சமல்ல இருக்குது!"

போஸ்டரைக் கிழித்தெறியச் சொன்னால் தீர்ந்தது. அந்தப் பக்கம் நல்லசிவத்தின் குரல் கேட்டது. "ஒளிவட்டமுங்க தலைவரே! மகான்கள் படத்துல வர்றாப்பலயே இருக்குதுங்க!"

பிறகு சென்னியப்பன், அதுவரை யாரும் கேட்டிராத சாந்தமான குரலில், "இருக்கட்டும் அம்மணி. இனிமே இப்படியே எடுங்க" என்றார்.

ஞாயிறு. மழை. காலை முழுக்க மழை.

வந்தவர்கள் சிலர். பார்த்தவர்கள் அதிலும் சிலர். பூனை ஒன்று தத்துப் போனது. தலைவர் வாசலில் ஒளி வீசியபடி நின்றார். கம்பிக்கூண்டில் குட்டி தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது. கலாமணி பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். தறிப்பட்டறையில் வேலை போலிருக்கிறது. தலைமுடியில் நூல் பிசிறு.

"போஸ்டர்ல இருந்த கண்ணு இங்கதானுங்களே?"

கலாமணி கூண்டைக் காட்டினாள். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"போட்டோவுல பாத்ததை விடக் கருப்பா இருக்குதே."

கூட்டலில் ஏற்றினால் கருப்பு வெளுக்கத்தான் செய்யும். கலாமணி தெரிந்துதான் ஏற்றினாள்.

குட்டி வாலை விட்டுவிட்டு நிமிர்ந்தது. வாசல் வானம் அதன் கண்ணில் விழுந்தது.

"கண்ணு அதேதான்" என்றாள் அந்தப் பெண்.

தூக்க இரண்டு கையும் வேண்டும். கையில் சொட்டும் குடை. திரும்பினாள். ஒரு வெள்ளைச் சட்டை நின்றது.

"அண்ணா, இதச் சித்தப் புடிங்க."

சென்னியப்பன் பிடித்தார். கஞ்சி மடிப்பில் தண்ணீர் வழிந்தது. "நாந்தானுங்க போஸ்டர்ல..." என்று தொடங்கினார்.

"போஸ்டர்ல நாய்தானுங்களே இருந்துச்சு?"

நல்லசிவம் அவசரமாகத் தத்துப் படிவத்தை நீட்டினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். திரும்பும் பஸ் ஹாரன் அடித்தது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையை மறந்து, ஓடினாள்.

மழை வெள்ளையாகப் பெய்தது. சாலை தெரியவில்லை, பஸ் தெரியவில்லை, அவள் சேலையின் நிறம்கூடத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. நடுவே ஒரு கருப்பு மட்டும், காதின் மடிப்பு வரை தெளிவாக, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.