சிவசக்தியின் மாத்திரை

பெண்சாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற ஆண்பிள்ளை அந்தத் தேயிலைத் தோட்ட லயத்தில் அஜந்தன் ஒருத்தன்தான். பொண்டாட்டிதாசன் என்று கேலி பேசினார்கள். பேசட்டுமே, அவனுக்கென்ன? பிள்ளை பெற்ற பிறகு சிவசக்தியின் முகம் வீங்கி, முடி கொட்டிப் போயிருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தைராய்டு என்றார்கள் பதுளை ஆஸ்பத்திரியில். விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்க மாத்திரை கொடுத்தார்கள். விடியற்காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறவள் பச்சைத் தண்ணீரா குடிப்பாள்? சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றி, மாத்திரையைத் தன் கையாலேயே அவள் வாயில் போடுவான்.

மாதங்கள் போயின. ஒரு மாற்றமும் இல்லை. ரொட்டியும் சம்பலும் தின்கிற உடம்பில் இரத்தமும் இல்லையாம்.

"மருந்து குடிச்சும் எழும்பலைன்னா அது வியாதி இல்ல, கொழுப்பு," என்றாள் அவன் தாய் தனலெட்சுமி. பிள்ளையைத் தூக்கிப்போய்ப் பண்டாரவளையில் மகள் தயானியிடம் விட்டுவிட்டாள். தயானிக்குப் பிள்ளை இல்லை. "இவ எழும்பி நடமாடட்டும், அப்புறம் பார்க்கலாம்." மறுநாள் விடிந்ததும் அஜந்தன் வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றினான்.

சிவசக்தியைக் கூட்டிக்கொண்டு போன அடுத்த கிளினிக்கில் தமிழ் பேசுகிற தாதி ஒருத்தி இருந்தாள், ஸவாஹிரா என்று பெயர். "மாத்திரைய எதோட குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நானே சூடா தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறேன், மிஸ்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "தேத்தண்ணியோட குடிச்சா மருந்து உடம்புல ஒழுங்கா சேராது. தண்ணியிலதான் குடிக்கணும். ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் மத்ததெல்லாம். யாரும் சொல்லலியா?"

சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள். அவனும் விளங்காமலே தலையை ஆட்டியிருப்பான்.

"எப்ப மிஸ் சுகமாகும்?"

"இனிமேதான் மருந்தே தொடங்குதுன்னு நெனச்சிக்கோங்க. சில மாசம் போகும்."

பாவி, அஜந்தன் தன் கையாலேயே அல்லவா கெடுத்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தயானிக்குப் போன் போட்டான்.

"அக்கா, பிள்ளையக் கொண்டாந்து விட்டுரு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் மருந்தைப் பிழையாக் குடுத்துட்டேன்."

"என் மேல படுத்தாத்தான் பிள்ள இப்ப தூங்குறான். எப்படிப் பிரிக்கிறது?" என்றாள் தயானி.

அவன் போனைச் சிவசக்தியிடம் நீட்டினான். "நீ கேளு. பெத்தவ கேட்டா குடுக்காம இருக்க முடியாது."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, புறப்படுகிற பஸ்ஸைப் பார்த்தபடி நின்றாள்.

"அங்கயே இருக்கட்டும் மதினி," என்றாள். "என்னால முடியல."

பேசினது அவளா, அந்த வியாதியா? அஜந்தனுக்கு விளங்கவில்லை. அவன் போனைப் பிடுங்குவதற்குள், "நீ சொன்னா சரி, சிவசக்தி," என்று தயானி வைத்துவிட்டாள்.