வரிசையில் அறுபத்து மூன்று பேர்

"இன்னிக்கு டீ பிரேக் கிடையாது" என்று அமைதி மேடம் அறிவித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்திருப்பேன். எங்கள் மேற்பார்வையாளர் அவர். எதற்கெடுத்தாலும் "அமைதி, அமைதி" என்பதால் நாங்கள் வைத்த பெயர். மின்தடைப் புகார் வாங்குகிற அறையில் நாங்கள் ஏழு பேர். வெளியே புயல் ஊரையே புரட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் இருக்கும் பலகை, வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சிவப்பு எண்ணில் காட்டும். நாங்கள் அழைப்பை எடுத்தாலும் எண் குறையும், காத்திருப்பவர் இணைப்பு அறுந்துபோனாலும் குறையும். எங்கள் சொந்த போன்கள் மட்டும் வாசலருகே பூட்டிய பெட்டிக்குள் கிடந்தன. வேலை நேரத்தில் போன் கூடாதாம். என்னவோ நாங்கள் காலை நீட்டிப் படம் பார்க்கப் போகிற மாதிரி!

அந்த டீ நேரத்தை நம்பித்தான் அப்பாவைத் தயார் செய்திருந்தேன். ஆற்றோரத்தில், தரைத்தள வீட்டில் தனியாக இருக்கிறார். என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. போன வெள்ளத்தில் அவர் போன் செத்து, ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் இந்த முறை பவர் பேங்க் வாங்கிக் கொடுத்து வகுப்பே எடுத்தேன். "போனை அணைச்சு வைங்க. என் டீ நேரத்துல மட்டும் போடுங்க. ஊர்க்கதை பேசாம விஷயத்தைச் சொல்லிட்டு உடனே கட் பண்ணுங்க. பவர் பேங்க் நனையாம உயரமா இருக்கட்டும்."

"சரிங்க டீச்சர்" என்றார்.

டீ நேரம் வந்தது, போனது. "எல்லாரும் செத்துட்டீங்களா அங்க?" என்று ஒருவர் என் காதில் கத்தினார். அவருக்குப் புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"மேடம், பெட்டியைத் திறங்க."

"அமைதி. உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே! அவங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல? எங்கப்பா தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கார், நீங்க இங்க ரூல்ஸ் பேசறீங்க. சாவியைத் தர்றீங்களா, உடைக்கவா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாவி வந்தது. போனில் அப்பாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேல் என் கணவரின் அழைப்புகள். அப்பாவுக்குப் போட்டேன், வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. கணவருக்குப் போட்டேன்.

"எங்க போய்த் தொலைஞ்சே? மாமா எனக்குப் பண்ணினார். வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம், வெளிய கிளம்பிட்டாராம்."

"எங்க?"

"கேக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டார். மீட்புப் படைக்குச் சொல்லிட்டேன், ஆள் எங்க இருக்கார்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? நீ எடுக்கலைன்னு உங்க புகார் நம்பருக்கே போடறேன்னார். சார்ஜ் தீரப்போகுதாம். பவர் பேங்கைக் கவர்ல சுத்திப் பரண்ல வெச்சிருந்தாராம், ஏறி எடுக்க முடியலையாம்."

பரணில்! முட்டிவலிக்காரர், உயரமாக வை என்றால் பரணிலா வைப்பார்? சுருக்கமாகப் பேசு என்றால் போகிற இடத்தைக்கூடச் சொல்லாமலா வைப்பார்? பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், இன்றைக்குப் பார்த்து ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். அவர் மேல் கோபம் பொங்கியது. அதைவிட அதிகமாக, வகுப்பெடுத்த என் வாய் மேல்.

பலகையைப் பார்த்தேன். அறுபத்து மூன்று. அதில் ஒருவர் அப்பா. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்ற பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் சார்ஜை எங்களுக்கே தாரை வார்த்துக்கொண்டிருக்கிறார். யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று எங்கள் திரையில் தெரியாது. எடுத்தால்தான் தெரியும்.

"மேடம், எங்கப்பா அந்த வரிசைலதான் நிக்கிறார்."

அவர் பலகையைப் பார்த்தார். இந்த முறை அமைதி என்று சொல்லவில்லை. காலியாக இருந்த எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினார். "எடுத்ததும் இவளோட அப்பாவான்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார் எல்லோரிடமும்.

நான் முதல் அழைப்பை எடுத்தேன். "அப்பா?"

"யாரு அப்பா? காலைலேர்ந்து கரண்ட் இல்ல, நக்கல் பண்றியா?"

"இல்லைங்க. தெருப் பேரைச் சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அறை முழுக்க அதே கேள்வி. "ஐயா, உங்க பொண்ணு இங்க வேலை பாக்கறாங்களா?" "பெரியவரே, ஆத்தோர வீடா?" எவனோ எதற்கோ திட்டினான், எவளோ அழுதாள். நான் விசையை அழுத்தினேன், வேறு குரல். மறுபடி அழுத்தினேன், வேறு குரல். ஐம்பத்தெட்டு. ஐம்பத்து நான்கு.

ஒரு பாட்டிக்குப் புகார் எண்ணை இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். எட்டுப் பேரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் விரலும் விசை மேல் இல்லை. பலகையில் ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்றானது.