ஒரே பெயரில் வந்த கோப்பு

பிசியோதெரபி மையத்தின் முன்பதிவுப் பக்கத்தில் ஒரு கோளாறு. ‘சக்கர நாற்காலி வேண்டும்’ என்று டிக் செய்தாலும் மையத்துக்கு அந்தத் தகவல் போகாது. பக்கத்தை எழுதிய புரோகிராமர் பெண் திங்கட்கிழமையே அதைச் சரிசெய்துவிட்டாள். ஆனால் அந்த வாரமே ஒரு பெரியவர் போன் செய்தார்.

“நேத்தே டிக் பண்ணினேன்மா. இன்னைக்கும் கீழ யாரும் வரல. என் வீட்டுக்காரியைத் தூக்கிக்கிட்டுதான் படியேறினேன். என் முட்டியும் போச்சு.”

அவள் தன் கணினியில் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். “அவர் போன் பழைய ஃபைலைக் கேஷ்ல சேத்து வெச்சிருக்கும். அந்தக் கேஷைக் கிளியர் பண்ணச் சொல்லு.”

சொன்னாள்.

“கேஷா? பணமெல்லாம் அன்னைக்கே கட்டிட்டேனேம்மா” என்றார் பெரியவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. தன் தவறைத் துடைக்கும் வேலையை அவர் தலையில் கட்டுவானேன்?

நிரலை எத்தனை முறை மாற்றினாலும், ‘பில்ட்’ எனும் தொகுப்பு வேலை முடிந்து வெளிவரும், பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு ஒரே பெயர்தான். அதனால், ‘இது நம்மிடமே இருக்கிறதே’ என்று பெரியவரின் போன் பழையதையே எடுத்துக் காட்டியது.

“உள்ள இருக்கறது மாறினா ஃபைல் பேரும் தானா மாறற மாதிரி பண்ணிடறேன் சார்.”

“ஓடிட்டிருக்கறதை நோண்டாதேம்மா.”

“அவருக்கு ஓடலையே சார்.”

லீடர் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார்.

கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுப் பெயரோடு ஒட்டும்படி பில்ட் வேலையை மாற்றி எழுதினாள். சோதனைக்கு ஓட்டினால் திரை வெறும் வெள்ளை. பக்கம் இன்னும் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“புதுப் பேரு வெச்சே, பக்கத்துக்கு யார் சொல்றது?” என்று லீடர் சிரித்தார்.

புதுப் பெயரைப் பக்கத்துக்குள்ளும் அதே பில்ட் எழுதிவிடும்படி இருவருமாகச் செய்தார்கள். பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் போன் புதிதாகவே கேட்டு வாங்கும்படி வைத்தார்கள். இம்முறை பக்கம் திரையில் வந்தது.

“ஐயா, நீங்க எதையும் அழிக்க வேண்டாம். எப்பவும் போல புக் பண்ணுங்க” என்று பெரியவருக்குச் சொன்னாள்.

அடுத்த சிகிச்சை நாளில் மனம் கேட்காமல் அவளே மையத்துக்குப் போனாள். வாசல் படிகளை ஒட்டிய சாய்தளத்தின் கீழே ஊழியர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். டாக்ஸியிலிருந்து இறங்கிய அம்மாள் அதில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அப்பாடா! இவர் தூக்கறப்பல்லாம் எனக்கு உயிரே போயிடும். விழுந்தா ரெண்டு பேருக்குமில்ல கட்டுப் போடணும்!”

பெரியவர் வேறு செய்ய ஒன்றுமில்லாமல், மனைவியின் கைப்பையை மாற்றி மாற்றிப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தார்.