கட்டைவிரலுக்குக் காவல்

தச்சரின் வலது கட்டைவிரலை மரமறுக்கும் மெஷின் துண்டாக்கிவிட்டது. ஆறு மணி நேரம் போராடி டாக்டர் ஒட்டவைத்தார். நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்தாராம். "இவர் பக்கத்துல ஒருத்தரும் சிகரெட் பிடிக்கக் கூடாதும்மா. இவர் பிடிச்சா விரல் போச்சு," என்று தச்சரின் மனைவியிடம் கறாராகச் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் வார்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் மோப்பம் பிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அந்தக் காவல். சொந்தத் தம்பியின் சட்டையையே முகர்ந்து பார்த்து, "போய்க் குளிச்சிட்டு வாடா," என்று விரட்டினாள். அடுத்த நாளும் அதே கதைதான். அவன் முகம் தொங்கிப்போனது. போகட்டுமே! உளி பிடிக்கிற கை முக்கியமா, இவன் ரோஷம் முக்கியமா?

ஆனால் இருபது வருஷம் ஊதித்தள்ளிய மனிதர் சும்மா கிடப்பாரா? நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஒண்ணே ஒண்ணுடி," என்று குழந்தை மாதிரி அழுதார். அவள் எழுந்து வெளியே போனாள். எதிர்க் கடைக் கண்ணாடிக்குள் பேனா மாதிரி ஒன்று இருந்தது. "இது வேப்புக்கா. இழுத்தாப் புகையே கிடையாது, வெறும் ஆவிதான்," என்றான் கடைக்காரன். டாக்டர் சிகரெட்டைத்தானே வேண்டாம் என்றார்! ஆரஞ்சு வாசனையில் ஒன்று வாங்கி, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அவர் வாயில் அவளே வைத்தாள்.

ஆறாம் நாள் காலை நர்ஸ் விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள். வெளுத்த இடம் திரும்பச் சிவக்கவில்லை. மதியத்துக்குள் கறுத்துவிட்டது. தலையணைக்கு அடியில் கிடந்த அந்தப் பேனாவை நர்ஸ் எடுத்து நீட்டவும் டாக்டர் கொதித்துப் போனார்.

"சிகரெட்டா இருந்தா என்ன, இதா இருந்தா என்ன? ரெண்டுலயும் நிக்கோட்டின் இருக்கே! அது ரத்தக்குழாயைச் சுருக்கிடும். புதுசாத் தைச்ச குழாய் எப்படித் தாங்கும்? யாரு குடுத்தது?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே தம்பி குளித்துமுடித்து, துவைத்த சட்டையும் சாப்பாட்டு கேரியருமாக நின்றுகொண்டிருந்தான்.

"என் மச்சினன்தான்," என்றார்.

"என்ன மாமா சொல்றீங்க?" அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ சொல்லுக்கா. நீதானே என்னை உள்ளயே விடல!"

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த நாக்குதான் பேசியது.

"ஒரே ஒரு தடவை நம்பி உள்ள விட்டேனேடா பாவி..."

தம்பி கேரியரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். எல்லோரும் போன பிறகு, "அவனை ஏங்க சொன்னீங்க?" என்று முணுமுணுத்தாள்.

"உன்னைச் சொல்லியிருக்கணுமா?"

மறுநாள் விரலை எடுத்தார்கள். தம்பி வரவில்லை. அவள் மட்டும் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை முகர்ந்துகொண்டிருந்தாள். நன்றாகத்தான் காவல் காத்தாள், மகராசி.