இடக்கை முடிச்சு

தாழ்வுபாட்டு டொமினிக்குக்கு மூப்பு மறதி பிடித்து அறளை பெயர்ந்து இரண்டு வருஷமாகிறது என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகமில்லை. சாப்பிட்ட கை காயமுன்னம் மறுபடி சோறு கேட்பார். கோயில் மணி அடித்தால் கடலுக்கு வெளிக்கிடுவார். செத்துப்போன கூட்டாளிகளைப் பெயர் சொல்லித் திட்டுவார். அதையெல்லாம் வீட்டில் பெரிதாக எடுப்பதில்லை. உயிரோடிருக்கிறவர்களைத் திட்டினால்தானே வழக்கு வரும்.

மகன் கொலின்ஸை மட்டும் அவர் மறக்கவில்லை. கொலின்ஸ் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருஷத்தையும் ஓட்டினான். தகப்பனைக் குளிக்க வார்த்து, சாரம் மாற்றி, மீனில் முள்ளெடுத்துத் தீத்தி முடிய, அவர் நிமிர்ந்து பார்த்து, "கொலின்ஸ், எஞ்சினுக்கு ஓயில் பாத்தனியோ?" என்று கேட்டாரானால் போதும். பார்க்காவிட்டாலும், "ஓமப்பா, பாத்தனான்" என்பான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. மாலையில் உடம்பு சுட்டது. விடிய எழும்பியது வேறொரு மனுஷன். கண் எங்கெங்கோ ஓடியது, கை காற்றில் எதையோ பிடுங்கியது, வாய் ஓயவில்லை. மகனைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "கிட்ட வராதையும்" என்றார்.

அயலார் வந்து பார்த்து, அறளை முற்றிவிட்டது, இனிப் பாதிரியாரைக் கூப்பிட்டுச் சாகமுன்னம் அவஸ்தை எண்ணெய் பூசுவிக்கிறதுதான் என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துப் போனார்கள். கொலின்ஸ் தகப்பனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

வாட்டில் இருந்த தாதி சுவேதினி சின்னப் பெண்தான். ஆனால் படித்தது மறக்காதவள்.

"அண்ணை, இது அறளை இல்லை. அறளை மெள்ள மெள்ள வாறது. இது ஒரு ராவில வந்திருக்கு. சலம் போற வழியில கிருமி. அதோட காய்ச்சல், தண்ணியும் காணாது, எல்லாம் சேந்து மூளையைக் குழப்பிப்போட்டுது. கிருமி போனால் குழப்பமும் போகலாம்."

"போகலாமோ, போகுமோ, மிஸ்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போகலாம்."

"என்னைத் தெரியுமோ அவருக்கு?"

"அதுக்குத்தான் கேக்கிறன், கண்ணாடியும் பல்லும் எங்க? கண்ணும் தெரியாமல் பல்லில்லாமல் கதையும் சரிவராமல் ஒருத்தரைப் புது இடத்தில கிடத்தினால் நாங்களும்தான் குழம்புவம்."

கண்ணாடியும் பல்லும் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிப் பத்திரமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் சாமான் காணாமல் போகும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே ஆளை அனுப்பும்போது ஆளுக்குத் தேவையானதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். கொலின்ஸ் ஓடிப்போய் எடுத்துவந்து கண்ணாடியைத் தகப்பனுக்கு மாட்டினான். டொமினிக் அவனை உற்றுப் பார்த்தார். அதுவரை மங்கலாக நின்ற அந்நியன் இப்போது வடிவாகத் தெரிந்தான்.

"தம்பி, நீர் ஆரின்ர பெடியன்?"

"நான் கொலின்ஸ், அப்பா."

"விசர்க்கதை கதைக்காதையும். கொலின்ஸ் உம்மை மாதிரி இல்லை. அவன் நல்ல பெடியன்."

இடுப்பெலும்பு முறிந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்த முஹைதீன் நானா, சிரித்தால் நோகும் என்று தெரிந்தும் சிரித்தார். "தம்பி, ஏச்சும் உங்களுக்குத்தான், புகழும் உங்களுக்குத்தான். எடுத்துக்கொள்ளுங்க."

டொமினிக்கின் கணக்கில் அது ஆஸ்பத்திரியல்ல, நேவிக்காரனின் காம்ப். எந்த நாட்டு நேவி என்பதில் மட்டும் வேளைக்கொரு கருத்து. இலங்கை, இந்தியா இரண்டு பக்கத்தாரும் அவரைக் கடலில் பிடித்து வைத்திருந்தவர்கள் என்பதால் அது நியாயமான குழப்பம். சீருடை போட்ட எவரைக் கண்டாலும், ஊசி போட வந்த தாதியோ, கூட்ட வந்த தொழிலாளியோ, ஒரே முறைப்பாடுதான்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, ஐயா. என்ர மகனைக் கேளுங்கோ. அவன் வந்து சொல்லுவான் நான் ஆரெண்டு."

பிறகு பக்கத்தில் கதிரை போட்டிருந்த கொலின்ஸின் கையைப் பிடித்து இரகசியமாகச் சொல்வார்: "தம்பி, நீர் வெளியில போய் வாற ஆள் போல கிடக்கு. தாழ்வுபாட்டில கொலின்ஸ் எண்டு கேளும். அப்பாவைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு சொல்லிவிடும்."

"சொல்லுறன்" என்பான் கொலின்ஸ். சண்டை பிடிக்க வேண்டாம் என்று சுவேதினி சொல்லியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வாட்டுக்கு ஒரு பாக்கியம் வந்து சேர்ந்தது. இளைப்பாறிய அதிபர், அகில இலங்கைச் சமாதான நீதவான், ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத் தலைவர் இராசேந்திரம், 'மறதிநோய் நேயப் பிரிவு' ஒன்றைத் திறந்துவைக்கத் தீர்மானித்திருந்தார். அழைப்பிதழில் அவருடைய பட்டங்கள் முடிந்து பெயர் தொடங்குவதற்குள் வாசிக்கிறவர் களைத்துவிடுவார். பிரிவு என்பது ஜன்னலோரத்தில் முன்பே இருந்த இரண்டு கட்டில்கள்தான். அதிலொன்று டொமினிக்கினது. புதிதாக வந்தவை ஒரு நீலத் திரை, ஒரு கலண்டர், நோயாளி நேரமறிந்து தெளிவடைய ஒரு பெரிய மணிக்கூடு, 'கட்டுகளற்ற கனிவான கவனிப்பு' என்று எழுதிய பதாகை. மணிக்கூட்டுக்குப் பற்றறி போடுகிற வைபவம் தலைவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால் அது இரண்டு நாளாகப் பத்துப் பத்தில் நின்றது. தெளிவு பார்க்க வந்த டாக்குத்தர், "ஐயா, இப்ப எத்தனை மணி?" என்று கேட்க, டொமினிக் சுவரைப் பார்த்து, "பத்துப் பத்து" என்றார். பின்னேரம் நாலுமணி. நோயாளிக்கு நேரம் தெரியவில்லை என்று எழுதப்பட்டது.

"நாட்டுக்கு இப்ப ஆர் தலைவர்?"

"அவையள் ஆரும் நான் ஆரெண்டு கேட்டவையோ?"

அதுவும் பிழை.

திறப்பு விழாவன்று காலை நிலைமை கெட்டது. டொமினிக் சேலைன் ஊசியைப் பிடுங்கினார். சலம் போகும் குழாயையும் இழுத்ததில் படுக்கையெல்லாம் இரத்தம். மருந்து ஏறாவிட்டால் கிருமி போகாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டுப் போனார். எப்படி ஏற்றுவது என்று சொல்லவில்லை. சுவேதினி அழாக்குறையாக இரண்டு மணிக்கட்டையும் பஞ்சுவைத்துச் சுற்றி, பண்டேச் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினாள். அவள் திரும்பமுன்னம் அது அவிழ்ந்து கிடந்தது. இன்னொரு தாதி கட்டினாள். அதுவும் அவிழ்ந்தது. வாழ்நாள் முழுக்கக் கயிற்றோடு கிடந்த விரல்கள். எந்தக் கையைக் கட்டினார்களோ அந்தக் கையின் விரல்களே பின்னால் வளைந்து கம்பியைத் தடவி முடிச்சைக் கண்டுபிடித்துக் கழற்றின. தலைக்குள் இருந்ததெல்லாம் கலைந்துபோயிருந்தது. விரலுக்குள் இருந்தது கலையவில்லை.

நாலாம் தரம் அவிழ்த்துக்கொண்டு இறங்கினவர், தலைவர் வெட்டுவதற்கென்று வாட்டு வாசலில் குறுக்கே கட்டியிருந்த சிவப்பு நாடாவையும் அவிழ்த்து, வளையமாகச் சுற்றி, நேர்த்தியாக மேசையில் வைத்துவிட்டார். அதைக் கண்டு இராசேந்திரம் பதறிப்போனார்.

"பிள்ளை, நான் வெட்டவேண்டிய நாடாவை இந்தாள் எப்பிடி அவிழ்க்கலாம்? ஒரு ஒழுங்கு வேண்டாமோ?"

"மறதி வருத்தக்காரர், சேர்" என்றாள் சுவேதினி.

"அதுக்காக?" என்றார் மறதிநோய் நேயப் பிரிவின் ஸ்தாபகர்.

சுவேதினி கொலின்ஸைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள். பதாகைக்கு நேர் கீழே நின்றாள். மேலே பார்க்கவில்லை.

"அண்ணை, நீங்கள் கடல் தொழில்காரர். இவர் அவிழ்க்க ஏலாத முடிச்சு ஒண்டு உங்களால போடேலுமோ?"

கொலின்ஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கும் விருப்பமில்லை" என்றாள் அவள். "கட்டினால் பயம் கூடும், குழப்பமும் கூடும். படிப்பிச்சது அதுதான். பக்கத்தில எந்த நேரமும் ஓராளை இருத்தோணும். எங்க ஆள்? முழு வாட்டுக்கும் ரெண்டு பேர். நீங்கள் இருக்கிறியள்தான், ஆனால் உங்களுக்கும் அடிக்கிறார்."

"ஒண்டும் செய்யாத மனுஷனை எப்பிடி மிஸ் கட்டுறது?"

"இந்தப் போத்தல் முடியுமட்டும். மருந்து ஏறினால்தான் தெளிவார். தெளிஞ்சால்தான் உங்களைத் தெரியும்."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருந்தால் அவன் மாட்டேன் என்றிருப்பான்.

கரையில் படகை முளையில் கட்டுகிற முடிச்சுத்தான். அலை இழுக்க இழுக்க இறுகும். மணிக்கட்டில் இறுகாதபடி ஒரு விரல் போக இடம் விட்டுச் சுற்றி, இறுகுகிறதெல்லாம் கம்பியோடு இறுகும்படி போட்டான். போடும்போது தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. டொமினிக் அந்நியனின் கைவேலையைக் குற்றம் பிடிக்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா தொடங்கியது. மறுபடி கட்டப்பட்ட நாடா வெட்டப்பட்டது. பற்றறி போடப்பட்டது. மணிக்கூடு பத்துப் பத்திலிருந்து ஓடத் தொடங்க எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையான நேரம் பதினொன்றரை. தலைவர் அடுத்து நோயாளி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக நிகழ்ச்சிநிரலில் இருந்தது. டொமினிக்கின் தோளில் போர்த்திய பொன்னாடை இரண்டு பக்கமும் வழிந்து கம்பிகளையும் கைகளையும் மூடிக்கொண்டது. படம் எடுத்தார்கள். மரியாதைக்குக்கூட ஆள் கை கூப்பவில்லையே என்று தலைவருக்கு மனவருத்தம்.

"எங்கள் முதியோரைப் பிணைக்கும் ஒரே கயிறு அன்பு" என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது கொலின்ஸ் தகப்பனின் வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னாடைக்குக் கீழே விரல்கள் அசைந்தன. வளைந்தன. கம்பியை அடைந்தன. முடிச்சைத் தொட்டன.

அவிழ்த்துவிடுவார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் அவிழ்க்கமுடியாத முடிச்சு இந்தத் தீவிலே கிடையாது. அவிழ்க்கட்டும் என்றும் ஒரு மனம் கிடந்தது.

விரல்கள் முடிச்சின் மேல் ஒருதரம் போயின. திரும்பி வந்தன. இன்னொருதரம், மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. கொலின்ஸ் இடக்கைக்காரன். அவன் போடுகிற முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். படகில் அந்த ஒரு முடிச்சுக்காக அவன் தகப்பனிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

விரல்கள் நின்றன.

டொமினிக்கின் முகம் மாறியது. இத்தனை நாளும் அங்குமிங்கும் ஓடிய கண் ஓரிடத்தில் வந்து நின்றது.

"இது இடக்கை முடிச்சு" என்றார். "கொலின்ஸ் கட்டினது."

கொலின்ஸ் கட்டிலருகே குனிந்தான். "ஓமப்பா. நான்தான். நான்தான் கட்டினனான்."

டொமினிக் அவனைப் பார்க்கவில்லை. தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"அவன் வந்தவன். வந்து, அவனே கட்டியிருக்கிறான்." விரல்கள் முடிச்சை விட்டு மடங்கின. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "அப்ப நான் ஏதோ பிழை செய்துதான் இருக்கிறன்" என்றார்.

அதன் பிறகு விரல்கள் அசையவில்லை. தலைவர் பேசி முடித்தார். விருந்தினர் பற்றிஸும் ரோல்ஸும் சாப்பிடப் போனார்கள். சேலைன் துளித்துளியாக ஒழுங்காக இறங்கியது. இனிக் கத்தல் இல்லை, பிடுங்கல் இல்லை, மகனைக் கேளுங்கோ என்ற முறைப்பாடும் இல்லை. எட்டிப் பார்த்த தலைமைத் தாதி மேற்றன், "பாத்தியளே, பிரிவு திறந்த உடனையே ஆளுக்கு அமைதி வந்திட்டுது" என்றார். நோயாளி அமைதியாக உள்ளார் என்று எழுதவும் சொன்னார்.

சுவேதினி மட்டும் கிட்ட வந்து, நாடி பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. பதில் இல்லை. தண்ணீர் வைத்தாள். கடைவாயால் வழிந்தது.

"இந்த அமைதி எனக்குப் பிடிக்கேல்லை, அண்ணை" என்றாள். "கத்துறது இதைவிட நல்லம். கட்டை அவிழுங்கோ."

"போத்தல் இன்னும் முடியேல்லையே."

"அவிழுங்கோ."

கொலின்ஸ் பொன்னாடையை விலக்கி முடிச்சில் கைவைத்தான். அதுவரை மரம்போலக் கிடந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தம்பி, கைவையாதையும்."

"அவிழ்க்கிறன் அப்பா. பிழையாய்ப் போச்சு. நான்தானே கட்டினனான்."

"நீர் விடும். அது என்ர மகன் கட்டினது. நீர் அவிழ்த்தால் அவனுக்கெல்லோ பழி வரும்." மூச்சு வாங்கினார். "அவன்தான் வந்து அவிழ்க்கோணும்."

பக்கத்துக் கட்டிலில் முஹைதீன் நானா முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

கொலின்ஸ் சுவேதினியைப் பார்த்தான். அவள் சேலைன் போத்தலைப் பார்த்தாள். இதற்குப் பாடம் இல்லை. கடைசியில் அவனே எழும்பினான்.

"சரி ஐயா. நான் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"கெதியாய்க் கூட்டிக்கொண்டு வாரும். நான் கோவிக்கேல்லை எண்டு சொல்லும்."

அவன் வாட்டுக்கு வெளியே போனான். விறாந்தையில் தலைவர் பற்றிஸைக் கடித்துக்கொண்டு அடுத்த திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கொலின்ஸ் சுவரோடு நின்றான். குழாயடியில் முகத்தைக் கழுவினான், கையால் தலைமயிரை இழுத்துவிட்டான், சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினான். பிறகு உள்ளே வந்து, கட்டிலின் தலைமாட்டில் நின்று, படகில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான்.

"அப்பா! நான் கொலின்ஸ் வந்திருக்கிறன்."

டொமினிக் தலையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளால், நேராக, நீண்ட நேரம் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, பயமில்லை. வந்தவரை வாசலில் நிற்கவைக்கக் கூடாது என்கிற மரியாதை மட்டும் இருந்தது.

"இந்தக் கதிரையில இருமன், தம்பி" என்றார். "அவன் இப்ப வந்திடுவான்."