படத்தில் பொருள் மட்டும்

பட்டறை முதலாளி கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனபோது, கூலிக்குப் பதிலாக எவர்சில்வர் டிபன் கேரியர்களை மூட்டை மூட்டையாக அவள் கணவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். கணவன் அங்கே பாலிஷ் போட்டவன். தான் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அந்தப் பளபளப்புதான் பின்னால் எமனாக வந்தது.

ஆன்லைனில் விற்கலாம் என்று யோசனை சொன்னது அவள்தான். அவன் லாரியில் மூட்டை ஏற்றப் போய்விட, வீட்டு வாடகை அந்தக் கேரியர்களை நம்பி நின்றது. ஆனால் விற்பனைத் தளத்தில் கடையைத் திறக்க முதலில் படங்கள் தேற வேண்டும். அவள் அனுப்பிய படங்களெல்லாம் ஒரே பதிலோடு திரும்பி வந்தன: "பொருளைத் தவிர வேறெதுவும் படத்தில் தெரியக் கூடாது."

அவள் என்ன செய்யவில்லை? கூடத்து ஜன்னலடியில் மேசையைப் போட்டாள். வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து வளைத்து மேசைமேல் இறக்கினாள். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை எதிரே நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பினாள். மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். எடுத்த படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், கேரியரின் வயிற்றில் ஜன்னல் கம்பி, போன், அதற்குப் பின்னால் கட்டிலில் பனியனோடு வாயைப் பிளந்துகொண்டு அப்பா.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அந்தக் கட்டிலும் எதிர் ஜன்னலும்தான் அவருக்கு உலகம். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். "டேய், ஸ்டாப்புல நிறுத்துடா! கைக்குழந்தையோட நிக்குது, கண்ணு தெரியல?" என்று இங்கிருந்தே அதட்டுவார். எந்த டிரைவருக்கும் கேட்காது. அதனால் என்ன, மறுநாளும் அதட்டுவார்.

"அப்பா, நீங்க இதுல தெரியறீங்க" என்றாள் அவள், போனை நீட்டிக் காட்டி. சலித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எங்க, எங்க?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார் அப்பா. "அட, ஆமா!"

மறுநாள் காலையில் மழமழவென்று சவரம் செய்து, நீலச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, இருக்கிற நாலு முடியையும் படிய வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குப்பா இந்த வெயில்ல சட்டை?"

"சும்மாதாம்மா. காத்து ஒரு மாதிரி அடிக்குது."

ஒரு இலைகூட அசையவில்லை. அதைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்? முந்தின நாள் மங்கலாக விழுந்த அப்பா இன்று நீல நிறத்தில் பட்டையாக விழுந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நீலம். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அப்பா, ஒரு வாரம் உள் ரூம்ல படுத்துக்கங்க. படம் முடிஞ்சதும் பழைய இடத்துக்கே வந்துடலாம்."

அவர் சிரித்தார். "காலம் பூரா நான் கத்தின கத்து. உள்ள தள்ளிப் போங்க, உள்ள இடம் இருக்குன்னு. கடைசில எனக்கே சொல்றாங்கப்பா!"

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. வீட்டில் இருந்ததிலேயே வெள்ளையான விரிப்பு அப்பாவுடையது. அதையும் உருவி, மேசையைச் சுற்றிக் கூடாரம் கட்டி, முன்னால் மட்டும் திறப்பு விட்டுப் படம் எடுத்தாள். எல்லாம் தேறின. கடை திறந்தது. கேரியர்கள் தீர்ந்து, தம்ளர் வந்து, தூக்குவாளி வந்தது. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்குமாம். பாத்திரங்கள் முதலில் ஜன்னலைப் பிடித்தன, பிறகு கூடத்தையே பிடித்தன. ஒரு வாரம் என்று சொன்னதை வீட்டில் யாரும் மறுபடி பேசவில்லை, அப்பா உட்பட.

"இப்ப போனது எந்த பஸ்ஸும்மா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்.

"யாருக்குப்பா தெரியும்?"

கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கப்பலில் சமையல்காரனாக இருந்த தம்பி, கரை சேரும்போதெல்லாம் போன் செய்வான். "அக்கா, அப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

"உள்ள ஒரே இருட்டுடா. வெளிய உக்கார வச்சு, நல்ல வெளிச்சத்துல எடுத்து அனுப்பறேன்" என்பாள். பொய்யில்லை. அனுப்பத்தான் நினைத்தாள்.

ஒரு மத்தியானம் அவள் தூக்குவாளி மூடியில் விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அப்பா போய்விட்டார். சத்தம்கூட இல்லை. மூடியைப் படம் பிடித்து முடித்த பிறகுதான் அவள் எட்டிப் பார்த்தாள்.

தம்பி நடுக்கடலில் இருந்தான். விக்கி விக்கி அழுதவன், "முகத்தப் பாக்கத்தான் குடுத்து வைக்கல. ஒரு நல்ல போட்டோவாவது அனுப்புக்கா" என்றான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன் முழுக்கப் பாத்திரம், விதவிதமான கோணத்தில். அப்பா ஒன்றில்கூட இல்லை. அடையாள அட்டையில் இருந்தது யாரோ திருடன் மாதிரி ஒரு முகம். கல்யாண ஆல்பத்தில் அவர் பந்தி பக்கம் ஓடிக்கொண்டிருந்த முதுகு. கடைசியில், தேறாத படங்களை ஒதுக்கிய இடத்தில் தேடினாள்.

அங்கே இருந்தார். கேரியரின் நடு அடுக்கில், நீலச் சட்டையில், முகம் பக்கவாட்டில் இழுபட்டு. படத்துக்குப் படம் நேராக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தெரியறீங்க என்று அவள் சொன்னாளே, அதற்காகத்தான் சவரம், அதற்காகத்தான் சட்டை. மகள் படம் எடுக்கிறாள், தானும் அதில் விழுகிறோம் என்று அந்த மனிதர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அவள் வாய்விட்டு அழுதாள்.

ஸ்டூடியோக்காரரிடம் போனாள். "பாத்திரத்த எடுத்துட்டு முகத்த மட்டும் தர முடியுமாண்ணா?"

அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முகம்னு தனியா எங்கம்மா இருக்கு? பாத்திரத்த எடுத்தா அதுவும் போயிடும்."

பாத்திரத்தோடேயே சட்டம் போட்டு, கூடத்தில் ஜன்னலுக்கு நேர் எதிரே, பழைய கட்டில் கிடந்த இடத்துக்கு மேலே மாட்டினாள். பஸ் நிறுத்தம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கணவன்கூட, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றான்.

ஒரு வாரம் வேலை ஓடவில்லை. பிறகு ஓட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து போய்விட்டார். புதுத் தம்ளர்களை மேசையில் வைத்து, கூடாரம் கட்டிப் படம் எடுத்தாள். பெரிதாக்கினாள். முன் திறப்பு வழியாக, சட்டத்தின் கண்ணாடி பளிச்சென்று தம்ளரில் விழுந்திருந்தது. தம்ளரைத் திருப்பினாள். மேசையை நகர்த்தினாள். துணியை இழுத்துவிட்டாள். எங்கே திருப்பினாலும் அது வந்தது.

வெளியே ஒரு பஸ் நிற்காமல் போனது. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி எடுத்துப்போய் மாட்டினாள்.

உள்ளே இடம் இருந்தது.