பொதுச் சேதத்தில் சேராத கை

விடிவதற்குள் சாரங்கின் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. துறைமுகத்தில் கட்டியிருந்த சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் சரிந்து கிடந்த மரத்தடிகளை அடுக்கிச் சங்கிலியால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நீரில் ஊறிய தடிகள் லேசில் அசைந்து கொடுக்கவில்லை. மாலுமிகளுக்கு மேஸ்திரியான சாரங்குக்குப் பக்கத்தில் எப்போதும் தங்கை புருஷன் நிற்பான். இரண்டு ஆள் வேலையை ஒருவனாய் இழுத்துப் போட்டுச் செய்வான். இன்று அவன் கீழே, நசுங்கிய வலது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். அவனைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்ப வேண்டும் என்பது கப்பல் முதலாளியின் உத்தரவு.

முந்தின நாள் புயலில் கப்பல் ஒருக்களித்துச் சாய்ந்தது. பாதித் தடிகளைக் கடலில் தள்ளும்படி கேப்டன் உத்தரவிட்டார். சங்கிலியை அவிழ்க்கச் சொன்னவர் சாரங்கு, அவிழ்த்தவன் மாப்பிள்ளை. உருண்ட தடி அவன் கைமேல் ஏறியது. துறைமுகத்துக்குள் நுழையும்போது கரையிலிருந்து ரேடியோவில் விசாரித்தார்கள். "ஆளெல்லாம் பத்திரம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் சாரங்கு. யாரும் சாகாவிட்டால் கடலில் அப்படித்தான் சொல்வார்கள். கை கால் போனதையெல்லாம் அவர்களே ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அந்த வார்த்தை முதலாளிக்கு வசமாகப் போய்விட்டது.

முதலாளி சட்டையில் ஈரம் படாமல் தளத்துக்கு வந்தார். போன மரத்துக்குப் 'பொதுச் சேதம்' கோரியிருப்பதாகக் கேப்டனிடம் சொன்னார். கப்பலைக் காப்பாற்றச் சரக்கை எறிந்தால், அந்த நஷ்டத்தைக் கப்பல்காரரும், தப்பிய சரக்குக்குச் சொந்தக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது கடல் சட்டம். சாரங்கு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டே போனார்.

"மாப்பிள்ள கைக்கு என்ன வழிங்க?"

"கை என்ன சரக்காப்பா? கடல்ல போட்டது மரம். அதுக்குத்தான் சட்டத்துல பங்கு."

"மரத்தத் தள்ளினது அவன் கைதானுங்களே."

"ஆளெல்லாம் பத்திரம்னு நீதான சொன்ன? கரையில குடிச்சிட்டு விழுந்திருப்பான். கயிற அவுக்கச் சொல்லு."

கேப்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று சாரங்குக்குத் தெரியவில்லை. தன் வாயாலேயே அவள் குடும்பத்தைக் கெடுத்தாயிற்று. ஆனாலும் கால்கள் பழக்கப்படி கப்பல் முனைக்கு நடந்தன. கைகள் கப்பலைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றைத் தொட்டன.

அப்போது என்ஜினின் இரைச்சல் அடங்கியது. ஓயாமல் வளவளப்பதால் ஊமையன் என்று பேரெடுத்த என்ஜின் எண்ணெய்க்காரன், அதை நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து ஏறி வந்து, அந்தக் கயிற்றின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சமையல்காரர் வந்து உட்கார்ந்தார். தடி அடுக்கியவர்களும் வந்துவிட்டார்கள்.

"கப்பல்ல வேலைநிறுத்தம் கெடையாது. இதுக்குப் பேரு கலகம். எல்லாரும் உள்ள போவீங்க," என்று முதலாளி போனை எடுத்தார்.

அது மெய்யா பொய்யா என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் சட்டம் தெரியாது. பயம் எல்லார் முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான்.

"அவுத்து விடு மச்சான். என்னால உங்க பொழப்பும் போக வேணாம்."

சாரங்கு கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். ஊமையன்தான் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருடா. மரம் போனதுக்கே முகம் தெரியாதவங்க பங்கு போட்டுக்கிறாங்க. உன் கைய நாங்க பங்கு போட்டுக்க மாட்டமா?"

கரையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. சாரங்கு கயிற்றை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் நல்ல கைப் பக்கம் ஒட்டி உட்கார்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.